விருப்பப் பாடம்: தமிழ், நிலை ஒன்று

1

இந்தப் பருவத்துக்கான பாடப் பட்டியலைப் பல்கலைக்கழகம் போன வாரம் இணையத்தில் போட்டது. மூன்றாம் மொழி என்ற தலைப்பின் கீழ் அரபு இருக்கிறது, ஜப்பான் மொழி இருக்கிறது, சீனம் மூன்று பிரிவுகளாக இருக்கிறது. தமிழ் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். இல்லாததை எத்தனை தடவை பார்த்தால் என்ன? இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். நான் முதலிலிருந்து சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

நான் மணப்பாறைக்காரி. திருச்சியில் தமிழ் எம்.ஏ. முடித்து, பி.எட்.டும் முடித்து, ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மலேசிய வரன் வந்தது. மலாக்கா மாநிலம், பத்து பெரண்டாம். மாப்பிள்ளை மணியம் அங்கே ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பிறந்தது புலாவ் செபாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவருடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து பால் வெட்டப் போனவர்கள். நல்ல மனுஷர், குடி கிடையாது என்று தரகர் சொன்னார். இரண்டும் உண்மை. வந்து இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அங்கயும் தமிழ்தானே பேசுறாங்க, உனக்கென்ன கஷ்டம்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. தமிழ்தான், யார் இல்லை என்றது? வந்த மறுநாள் காலையில் மாமியார் "பசியாறிட்டியா?" என்று கேட்டார். நேற்று ராத்திரிப் பசி இப்போதுதான் ஆறியதா என்று கேட்கிறார் என நினைத்து, "இல்லை அத்தை, ராத்திரி நல்லாத்தானே சாப்பிட்டேன்" என்றேன். இங்கே பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலில், மருமகளுக்குக் காலையில் சாப்பிடும் பழக்கம் இல்லை என்று முடிவாகி, அன்று பதினோரு மணி வரை எனக்கு ஒரு இட்லிகூடக் கிடைக்கவில்லை. அது சிரிக்கக்கூடிய தவறு. எல்லாத் தவறுகளும் அப்படி இருந்துவிட்டால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

2

மலாய் மொழியில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட முதல் சொல் குகுர்.

வந்த முதல் வருடமே வயிற்றில் தங்கியது. மூன்றாம் மாதம், துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது வலி எடுத்தது. மணியம் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காதான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனபின் ஓர் இளம் நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெல்ல, "சுடா குகுர், காக்" என்றாள்.

எனக்குச் சூடா என்றுதான் கேட்டது. காப்பி மாதிரி குகுர் என்று ஏதோ ஒன்று இங்கே சூடாகக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "வேண்டாம்மா, வயிறு சரியில்லை" என்று தமிழிலேயே சொன்னேன். மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அடுத்த கட்டிலில் தம்பின் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா படுத்திருந்தார். அவர்தான் எழுந்து உட்கார்ந்து, "அது குடிக்கிற சாமான் இல்லம்மா. கலைஞ்சு போச்சுன்னு சொல்லுது அந்தப் புள்ள" என்றார்.

சுடா என்றால் ஆகிவிட்டது, காக் என்றால் அக்கா. மரத்திலிருந்து இலை உதிர்ந்தாலும் குகுர், போரில் ஆள் விழுந்தாலும் குகுர், வயிற்றில் கரு கலைந்தாலும் குகுர். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எனக்கு அந்தச் சொல் அந்தக் கட்டிலோடு நின்றுவிட்டது. இன்றைக்கும் தொலைக்காட்சிச் செய்தியில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துக் கயல் பிறந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை.

3

கயலை மலாய்ப் பள்ளியில் சேர்த்தோம். தமிழ்ப் பள்ளி தூரம், மணியத்துக்கு ஷிப்ட் வேலை, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மைதான். தமிழ்தானே, வீட்டில் ஓர் எம்.ஏ.வே இருக்கிறாளே என்று மணியம் சொன்னார். எம்.ஏ. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரத்தில் நான் கத்துவேன், அவள் அழுவாள், மணியம் வந்து புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். அதோடு நின்றது. பேச்சு நன்றாகவே பேசுவாள், இந்த ஊர்த் தமிழில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு லா போட்டு.

என் கதை அப்போது வேறு மாதிரி இருந்தது. பல வருடங்கள் என் கடவுச்சீட்டில், வேலை எதுவும் செய்யக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், கணவரும் கூடவே வந்து நிற்க வேண்டும். இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறீர்களா என்று அதிகாரி கேட்பார். மணியம் தமிழில் "வேற வழி?" என்று முணுமுணுத்துவிட்டு மலாயில் ஆமாம் என்பார். கயல் இடைநிலைப் பள்ளியை முடிக்கிற சமயத்தில்தான் எனக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. குடிமக்களுக்கு நீலம், என்னைப் போல நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டை இருந்தால் வேலை பார்க்கலாம்.

அப்போதுதான் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் தமிழுக்குப் பகுதிநேர ஆசிரியை தேடுவதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். எந்தத் துறை மாணவராக இருந்தாலும் மூன்றாம் மொழி ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. கூப்பிட்டார்கள். என் வகுப்பின் பெயர், தமிழ், நிலை ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள். எல்லோரும் என்னைச் சிக்கு என்பார்கள். டீச்சர் என்று அர்த்தம். அதுவரை இந்த நாட்டில் நான் மணியம் வீட்டுக்காரி, கயல் அம்மா. அந்த அறைக்குள் நுழைந்தால் மட்டும்தான் நான் படித்த படிப்புக்கு ஆளாக இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் புடவையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போவேன். மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டு நாளுக்காகவே காத்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு கண்டம் உண்டு. பதினைந்து பேருக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு பருவமும் பதினாறு, பதினேழு என்று தப்பித்துக்கொண்டே வந்தேன்.

4

நம் கல்லூரிகளில் விருப்பப் பாடம் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். எங்கள் பாடத்திட்டத்தில் இதழியல், நாட்டார் வழக்காற்றியல், கோயிற்கலை என்று மூன்று அச்சடித்திருந்தது. நான் இதழியல் படிக்க வேண்டும், பத்திரிகையில் எழுத வேண்டும் என்று பெரிய கனவோடு உட்கார்ந்திருந்தேன். துறைத் தலைவர் வகுப்புக்கு வந்தார். "கோயிற்கலை நடத்தத்தான் ஆள் இருக்கு, எல்லாரும் அதையே விருப்பமா எடுத்துக்கங்க" என்றார். விருப்பமாக எடுத்துக்கொண்டோம். இன்றுவரை எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் கூரை விளிம்பில் வளைந்திருக்கும் கொடுங்கையைத்தான் பார்க்கிறேன்.

கயல் அதே பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் சேர்ந்தாள். மூன்றாம் ஆண்டுக்கு அவள் பாடம் தேர்ந்தெடுத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை முழுக்க அவள் மடிக்கணினி. இயந்திரக் கற்றல் எடுத்தால் என்ன வேலை, கணினிப் பாதுகாப்பு எடுத்தால் என்ன வேலை, விளையாட்டுச் செயலிகள் எழுதப் படித்தால் என்ன வேலை, எந்த விரிவுரையாளர் உயிரை வாங்குவார், எதற்குக் கணக்கு அதிகம், எதில் குழு வேலை என்று சொல்லி மற்றவர்கள் தலையில் கட்டுவார்கள், எல்லாவற்றையும் அலசுவாள். மணியம் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாவிட்டாலும், பாதுகாப்பு எடுத்துக்கோ, எந்தக் காலத்திலும் திருடன் இருப்பான் என்று யோசனை சொல்வார். நானும் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவேன். பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

மூன்றாம் மொழிக்குச் சீனம் என்று முன்பே முடிவு செய்திருந்தாள். இங்கே தனியார் நிறுவனங்களில் நேர்முகத்துக்குப் போனால் முதலில் சீனம் பேசுவியா என்றுதான் கேட்கிறார்களாம், சீனியர்கள் சொன்னார்கள். மொழிப் பாடத்துக்கு அவள் அட்டவணையில் இடம் இருந்தது அந்த ஒரு பருவத்தில்தான். அடுத்த பருவம் தொழிற்பயிற்சி.

அந்தப் பருவத்தில்தான் என் வகுப்புக்குப் பதினாலு பேர் பதிந்திருந்தார்கள்.

நான் அவளைக் கேட்கவில்லை. சோறு போடும்போது, "இந்தத் தடவை பதினாலு பேர்தான்" என்று மட்டும் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "சரிம்மா, நான் வரேன். சீனம் அப்புறம் யூடியூப்ல படிச்சுக்கறேன்" என்றாள். எனக்கு அன்று கால் தரையில் இல்லை. என் வகுப்பு பிழைத்தது என்பதைவிட, என் மகள் கடைசியில் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகிறாள், அதுவும் என்னிடம் என்பதுதான் பெரிதாக இருந்தது.

அலுவலகத்தில் வேறு சிக்கல். தமிழ்ப் பிள்ளைகள் நிலை ஒன்று எடுக்கக் கூடாது, தெரிந்த மொழியை எடுத்துச் சுலபமாக மதிப்பெண் வாங்கிவிடுவார்கள் என்றார் மொழி மையத்துப் பொறுப்பாளரான மலாய் அம்மையார். இவளுக்குப் பேச மட்டும்தான் தெரியும் என்றேன். அப்படியானால் எழுதப் படிக்கத் தெரியாது என்று பெற்றோர் உறுதிக் கடிதம் தர வேண்டும், அவள் விடைத்தாளை வேறு ஆசிரியர் திருத்துவார் என்றார். ஆக, தமிழில் எம்.ஏ., பி.எட். படித்த நான், என் மகளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியாது என்று மலாயில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, உங்கள் மலாய் நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மையார் பாராட்டினார்.

5

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. அப்படித்தான் நான் நினைத்தேன்.

இரண்டாம் வாரம் குறிலும் நெடிலும். பல், பால். படம், பாடம். ஒரு கால் போட்டால் சொல்லே மாறிவிடும் என்பதை நான் வருடா வருடம் கூத்தடித்துத்தான் நடத்துவேன். நூருல் என்று ஒரு மலாய்ப் பெண், மஸ்ஜித் தானாவிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருவாள். அவள் ஊரில் ஒரு தமிழர் மளிகைக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்கார மாமாவிடம் தமிழில் பேரம் பேசி அவரை மலைக்க வைக்க வேண்டும் என்பதுதான் அவள் லட்சியம். அவள் எழுந்து, "நான் காலையில் பல் குடித்தேன்" என்று வாசித்தாள். நான் பல்லைத் தொட்டுக் காட்டி, குடிப்பது போல நடித்துக் காட்ட, வகுப்பே உருண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுபடி வாசிக்க வைத்தேன், சரியாகச் சொன்னாள், எல்லோரும் கைதட்டினோம். கயல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு வரி வாசித்தாள். அவ்வளவுதான் எனக்கு நினைவு.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை, பிற்பகல். வீட்டின் பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கயல் தன் அறையில் சிநேகிதியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததால்தான் நின்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குகுர் பண்ணியாகணும்லா. அதுக்கப்புறம் முடியாது. அம்மாகிட்டயா? செத்தேன். தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. முடிச்சிட்டுச் சொல்லிக்கலாம்."

கையில் இருந்த துணியோடு அப்படியே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எவன், எப்போது, எப்படி, எதுவும் எனக்கு விளங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது அந்த ஆஸ்பத்திரிக் கட்டில். நான் படுத்த மாதிரி என் பிள்ளை தனியாகப் போய்ப் படுக்கப் போகிறாள். எனக்காவது ஒரு பக்கத்துக் கட்டில் அம்மா இருந்தார். இவள் என்னிடம்கூடச் சொல்லப் பயப்படுகிறாளே, அப்படி என்ன ராட்சசியா நான் என்று நினைக்க நினைக்க ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மணியம் வேலையிலிருந்து வருவதற்குள் பேசிவிட வேண்டும். அவருக்கு ரத்தக் கொதிப்பு. முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"யாருடி அவன்?" என்றேன்.

"எவன்?"

"எங்கிட்ட மறைக்காத. எத்தனை மாசம்?"

"எது எத்தனை மாசம்?" என்றாள். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தாள்.

"குகுர் பண்ணப் போறேன்னு சொன்னியே, காதால கேட்டேன். திட்ட மாட்டேன். தனியா மட்டும் போகாத, நான் கூட வரேன்."

புரிந்ததும் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். மூச்சு வாங்க, இது பாடம் மாற்றிக்கொள்ளும் வாரம் என்றாள். பதிவுப் பக்கத்தில் மலாயில் போட்டிருப்பார்களாம், பாடத்தைச் சேர்ப்பது தம்பா, விடுவது குகுர். மொழி மையத்திலிருந்து எனக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் ஆங்கிலம். அதில் அது ஆட்-டிராப் வாரம். பிள்ளைகளின் பதிவுப் பக்கத்தை நான் எங்கே கண்டேன்? அவளைக் கட்டிக்கொண்டு நானும் சிரித்தேன். சிரித்தேன், அழுதேன், மாரியாத்தாவை அழைத்தேன், அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். வந்தது எவ்வளவு பெரிய கண்டம், போயே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, பேச்சுக்கு ஒரு பேச்சாக, "அது சரி, எந்தப் பாடம்?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"உங்க பாடம்" என்றாள்.

நான் அவள் கையை விட்டுவிட்டேன். சீனத்துக்காகவா என்றேன். சீனம் வேலைக்கு வேண்டும்தான், ஆனால் அது காரணம் இல்லை என்றாள். பிறகு எது என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள். விடுவேனா நான்? துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் தலையணையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நூருல் பாலைப் பல்லுன்னு படிச்சா. நீங்க சிரிச்சீங்க, கைதட்டினீங்க. நான் பாடத்தைப் படம்னு படிச்சேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"'உனக்குமா?'ன்னு கேட்டீங்க. மத்த யாருக்கும் ஒண்ணும் வெளங்கல. அந்தக் கிளாஸ்ல அது புரிஞ்ச ஒரே ஆள் நான்தாம்மா."

ஊரார் பிள்ளை தப்பாகப் படித்தால் எனக்கு அது வெறும் தப்பு. என் பிள்ளை தப்பாகப் படித்தபோது என் எம்.ஏ., என் கடல்தாண்டல், மூடிய அந்தப் புத்தகங்கள் எல்லாம் வந்து முன்னால் நின்றிருக்க வேண்டும். அது என் முகத்தில் தெரிந்திருக்கிறது, வாயிலும் வந்திருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் அப்போது சொல்லியிருக்கலாம்.

அவள்தான் மறுபடி பேசினாள். "ஆனா நீங்க இருன்னு சொன்னா இருக்கேன். நெசமாத்தான் சொல்றேன். நான் போனா பதினாலாயிரும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளா எனக்குப் பதிலா வேற ஆள் தேடினேன், யாரும் கெடைக்கல. சொல்லுங்கம்மா, இருக்கவா?"

"உன் இஷ்டம்" என்றேன்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் அப்பா "உன் இஷ்டம்" என்றார் என்றால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. அம்மா "உன் இஷ்டம்" என்றால் கையில் எடுத்த சேலையைக் கடையிலேயே வைத்துவிட வேண்டும். நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த இரண்டு சொல்லுக்கு அர்த்தம் தெரியும். போகாதே, இரு, என்னை விட்டுவிடாதே என்று வாய் விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் சொல்லும் சொல் அது.

கயல் பத்து பெரண்டாமில் வளர்ந்தவள். அவள் அப்பா எதையும் நேராகச் சொல்லிவிடுவார். அவளுக்கு இஷ்டம் என்றால் இஷ்டம்தான். அவள் முகம் அப்படியே தெளிந்தது. "தேங்க்ஸ்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான் பயந்துகொண்டே இருந்தேன் தெரியுமா, நீங்க இவ்வளவு ஈசியா விடுவீங்கன்னு நினைக்கல என்றாள். மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு தட்டு, எங்கேயோ இன்னொரு தட்டு. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில், வேண்டாம்டி, இரு என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவளாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

6

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. ஆள் குறைவு, வகுப்பு இல்லை, மாணவர்களை வேறு மொழிகளுக்கு மாற்றியிருக்கிறோம், ஒத்துழைப்புக்கு நன்றி. குறை சொல்ல முடியாது, விதி விதிதான். அன்று சாயங்காலம் நூருல் தன் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "சிக்கு, பாடம் இல்லை?" என்று கோணல் மாணலாக எழுதியிருந்தாள். நெடில் சரியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. மணியம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா, வேற வேலை கெடைக்காமலா போயிரும் என்றார். அவர் மேல் தப்பில்லை. என்ன போயிற்று என்று நான் யாருக்கும் சொல்லவில்லையே.

கயல் சீனம் படித்தாள். கெட்டிக்காரி, நன்றாகவே வந்தது. சாப்பாட்டு மேசையில் அவளும் மணியமும் சீனத்தில் கேள்வி கேட்டு விளையாடுவார்கள். மணியத்துக்குத் தொழிற்சாலையில் பொறுக்கிய சந்தைச் சீனம் கொஞ்சம் தெரியும். நான் இருவருக்கும் சோறு போடுவேன். அவளுடைய சீன ஆசிரியை நல்லவராம். தப்பாகச் சொன்னால் திருத்துவாராம், ஆனால் முகம் மாறவே மாறாதாம். கயல் இதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதால்தான் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பினாங்கில் தொழிற்பயிற்சி கிடைத்திருக்கிறது. நேர்முகத்தில் சீனத்தில் நாலு வார்த்தை பேசினாளாம், அங்கேயே சரி என்றுவிட்டார்களாம். அடுத்த வாரம் புறப்படுகிறாள். இந்த நேரத்தில் அவள் முடிவு தப்பு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அவளுக்குத் தேவைப்படாத ஒரு பாடமாக இருந்தேன், அவ்வளவுதான். அவள் நேர்முகத்துக்குப் போயிருந்தபோது தமிழில் ஒரு வாழ்த்து எழுதி அனுப்பினேன். எழுதாதீங்கம்மா, பேசி அனுப்புங்க என்று பதில் வந்தது. இப்போது பேசித்தான் அனுப்புகிறேன். அதை அவள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள் என்பதை ஒரு நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் குரல் ஏதோ குருவி கத்துகிற மாதிரி இருந்தது.

பட்டியலில் தமிழைக் காணாத அன்று இதை எழுத ஆரம்பித்தேன். தாளில், கையால்தான் எழுத வருகிறது. அதுவரை எழுதியதை வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையில் வைத்தேன், இரண்டு நாளாக அங்கேயே இருந்தது. போனைத் தாள்மேல் காட்டினால் எந்த மொழியையும் அதுவே மாற்றிச் சொல்லிவிடுகிறது. மருந்து டப்பாவில் உள்ள சீனத்தைப் படிக்க எனக்கு அதைக் காட்டிக்கொடுத்ததே கயல்தான். அவள் மனசு வைத்தால் ஒரு நிமிஷ வேலை. முதல் தாளில் அவள் பெயர் இல்லாவிட்டாலும் இரண்டாம் தாளில் பெரிதாக இருக்கிறது. தன் பெயர் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

நேற்று மேசையைத் துடைக்க வந்தாள். தாள்களை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே ஈரம் போகத் துடைத்தாள்.

"அம்மா, இது முக்கியமானதா?" என்று கேட்டாள்.

"இல்ல, சும்மா எழுதினது" என்றேன்.

அவள் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். மின்விசிறியில் பறந்துவிடாமல் இருக்க என் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேலே வைத்துவிட்டு, பெட்டி அடுக்கப் போனாள்.